நைஸ் சாரின் விரதம்

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது எழுபது. அவருக்குக் குருவாக வாய்த்த மரகதம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. யார் யாரைக் கும்பிடுவது என்பதிலேயே முதல் நாள் ஒரு தடுமாற்றம். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் கூப்பிவிட்டுச் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவருக்கு அவர் "அம்மா", அவருக்கு இவர் "சார்".

மடம் என்றதும் யானையும் பல்லக்கும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்காசியிலிருந்து மலைப்பக்கம் போகிற பஸ் திரும்புகிற இடத்தில் நாலைந்து ஓட்டு அறைகள், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, அவ்வளவுதான். மரகதம்மா அதற்கு முன்னால் டவுனில் தையல் பள்ளிக்கூடம் நடத்தியவர். இப்போதும் கையில் ஊசி இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். மடத்துத் தலையணை உறை எல்லாம் அவர் தைத்ததுதான்.

அங்கே தீட்சை, மந்திரம் என்று எதுவும் கிடையாது. விரதம் மட்டும் உண்டு. அதை அம்மாதான் தருவார். அவரவரால் எதை விட முடியாதோ சரியாக அதிலேதான் கை வைப்பார். சாப்பாட்டில் நொட்டை சொல்கிறவருக்கு உப்பில்லாத சோறு. நாளெல்லாம் தூங்குகிறவருக்குப் பாய் கிடையாது. எப்போது முடியும் என்று கேட்டால், "நான் சொல்லுதேன்" என்பார். பிறகு அவராகச் சொன்னால்தான் உண்டு.

ஆவுடையப்பன் வந்து ஒரு வருஷம் ஆகியும் அவருக்கு மட்டும் எந்த விரதமும் வரவில்லை. நம்மிடம் விட வேண்டியது ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மனுஷன் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோய்த்தான் இருந்தார்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். பையன்கள் வைத்த பட்டப்பெயர் 'நைஸ் சார்'. அவர் நைஸான ஆள் என்பதற்காக இல்லை, ஐயோ, அந்தப் பக்கமே போக வேண்டாம். கட்டுரையில் எவனாவது 'நைஸ்' என்று எழுதிவிட்டால் சிவப்புப் பேனா அந்தச் சொல்லைத் தாள் கிழிகிற மாதிரி அடிக்கும். பக்கத்தில், 'இது சொல் அல்ல, சோம்பல்' என்று குறிப்பு வேறு. ஒரு தடவை துணை முதல்வர் மேடையில் "வெரி நைஸ் ஸ்பீச்" என்று சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவர் தலையில் கை வைத்துக்கொண்டதைக் கல்லூரியே பார்த்தது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கோயம்புத்தூரிலிருந்து மகள் மங்கை போன் பண்ணுவாள். ஒரே மகள். மங்கையர்க்கரசி என்று பெயர். மனைவி பிரமநாயகி போனபிறகு அவருக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு போன்தான். சனிக்கிழமை சாயங்காலமே என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வார்.

"புது வீட்டுக்கு மாறினியேம்மா, எப்படி இருக்கு?"

"நைஸ்ப்பா."

"அக்கம்பக்கம்?"

"நைஸா பழகறாங்கப்பா."

"ஆபீஸ்?"

"நைஸ்."

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, நைஸா இருக்கார். வெச்சிரவாப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவுதான். போனை மடியில் வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து மரகதம்மா தைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"என் மக என்கிட்டப் பேசணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"இப்பத்தானே பேசினா?"

"அது பேச்சா? நாலு கேள்விக்கும் ஒரே பதில். எந்தச் சொல்லை நான் ஜென்மம் பூரா அடிச்சனோ அதையே எடுத்து என் மேல வீசுதா. வேணும்னே செய்யுதாளோன்னு இருக்கு."

"என்ன சொல்லு?"

அந்தச் சொல்லை வாயால் சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொன்னார்.

"நைஸா?" மரகதம்மா நூலை இழுத்தபடியே கேட்டார். "நல்ல சொல்லுதானே? எங்க தையல் பள்ளிக்கூடத்துல வழவழன்னு இருக்கிற துணிக்கு அப்படித்தான் சொல்லுவோம்."

போதாதா? பேராசிரியர் எழுந்துகொண்டார். "அம்மா, அதோட சரித்திரம் தெரியுமா உங்களுக்கு? லத்தீன்ல அதுக்கு 'ஒண்ணும் அறியாதவன்'னு அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்தப்ப 'முட்டாள்'. அப்புறம் 'எடுத்ததுக்கெல்லாம் குத்தம் பாக்கறவன்'. அதுக்கப்புறம் 'நுணுக்கமானது'. அப்படியே தேய்ஞ்சு தேய்ஞ்சு 'நல்லாருக்கு'ங்கற இடத்துக்கு வந்து நிக்குது. இப்ப அதுக்குள்ள ஒண்ணுமே இல்லை. காலி டப்பா."

"பாவம்" என்றார் மரகதம்மா. "எவ்வளவு அலைஞ்சிருக்கு."

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் ஏனோ பழசெல்லாம் வந்து முட்டியது.

"சின்ன வயசுல அப்படி இல்லைம்மா அவ. வாயாடி. ஸ்கூல் ரிக்‌ஷா தெருமுனைக்கு வரும்போதே குரல் கேட்கும்."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். பாளையங்கோட்டை வீடு. ஆனி மாதப் பொருட்காட்சி. அம்மாவும் மகளும் ராட்டினம் ஏறிவிட்டு வருகிறார்கள். ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்க, பஞ்சு மிட்டாய் ஒட்டின வாயோடு மங்கை வாசலிலிருந்தே ஓடி வருகிறாள். "அப்பா, அப்பா, ராட்டினம் நைஸா இருந்துச்சுப்பா! மேல போயி நின்னப்ப..."

"நைஸ் இல்லை. வேற சொல்லு சொல்லு."

குழந்தை நின்றுவிட்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒரு சொல் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இன்னொன்று சொன்னாள். அதுவும் இல்லை. மூன்றாவதாக ஒரு நல்ல சொல் வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ம், இது சரி! இப்பச் சொல்லு, மேல போயி நின்னப்ப என்ன?"

"ஒண்ணுமில்லப்பா" என்றாள் மங்கை.

கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது. இட்லித் தட்டுச் சத்தத்துக்கு நடுவே அம்மாவிடம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரமநாயகி, "ஆத்தாடி! அப்புறம்? அய்யய்யோ! அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் முன்னறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அப்படித்தான். கதையெல்லாம் அடுக்களைக்குப் போகும். சுவருக்கு இந்தப் பக்கம் இவர் காதில் பாதி விழும், பாதி விழாது.

"அப்ப எனக்கு அது ஒரு குறையாவே தெரியலைம்மா. மக இங்கிலீஷ்ல முதல் மார்க். அதுல சந்தோஷம். இப்ப பிரமுவும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. பாதியாவது கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுவும் போச்சு." கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார். "அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுட்டாப் போதும் எனக்கு."

மரகதம்மா தையலை மடித்துக் கீழே வைத்தார்.

"சார், உங்களுக்கு ஒரு விரதம் தரலாமான்னு ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"குடுங்கம்மா. உப்பை விடணுமா? மௌனமா?"

"மௌனம் வேண்டாம். உங்களுக்கு அது சுலபம். மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு உட்கார்ந்துருவீங்க. பேசலாம். ஆனா ஒரே ஒரு சொல்லுதான்."

"எது?"

மரகதம்மா அவரைப் பார்த்தார். ஆவுடையப்பன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"அம்மா, அது மட்டும் வேண்டாம்."

"நாளைக்குக் காலையிலேர்ந்து. யாரு என்ன கேட்டாலும் 'நைஸ்'. வேற எதுவும் வாயில வரக் கூடாது. எழுதிக் காட்டவும் கூடாது."

"எப்ப வரைக்கும்?"

"நான் சொல்லுதேன்."

மறுநாள் காலையில் முதல் சோதனை சமையல்கட்டில். சமையல் பார்க்கிற செண்பகம் கிரைண்டரிலிருந்து ஒரு விரல் மாவை எடுத்து நீட்டினாள். "சார், மாவு நைஸா அரைஞ்சிருக்கா, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

தொட்டுப் பார்த்தார். நறநறவென்று இருந்தது. "நைஸ்" என்றார்.

செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். "அரையலைங்கிறீய. அதை ஏன் இப்படி இழுத்துச் சொல்லுதீய?" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓட விட்டாள்.

அட, என்று நினைத்துக்கொண்டார் ஆவுடையப்பன்.

அன்று முழுக்க அந்தச் சொல் அவரைத் துரத்தித் துரத்தி வந்தது. துண்டு விற்க வந்தவன், "கைய வெச்சுப் பாருங்க, என்ன நைஸ்!" என்றான். பலசரக்குப் பையன் போனதும் செண்பகம், "நல்ல புளியைக் காட்டிட்டுப் பழசை நைஸா உள்ள தள்ளிட்டான் பாத்தீயளா" என்று அடித்துக்கொண்டாள். மாலை கட்டுகிறவளுடைய மகன் வேலைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நைஸாக நழுவினான். பிடிபட்டதும் அம்மாவைக் கட்டிக்கொண்டான். "ரொம்ப நைஸ் பண்ணாதடா" என்று அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

லத்தீனில் புறப்பட்ட சொல் மலையடிவாரத்துக்கு வந்து இத்தனை குடும்பம் நடத்திக்கொண்டிருப்பது அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் அடித்திருப்பார்.

சொல் இல்லாதது அவருக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. திருத்த முடியாததுதான் உயிரை எடுத்தது. பக்கத்து அறை கந்தையா எதற்கெடுத்தாலும் 'பேக்சைடுலேர்ந்து பின்னாடி வந்து' என்பார். செண்பகம் 'நடு சென்டர்' என்பாள். முன்பெல்லாம் உடனே ஒரு குட்டு வைப்பார். இப்போது வாய் திறக்கும், உள்ளே ஒரே ஒரு சொல்தான் இருக்கும், மூடிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் நாக்கு அரித்தது என்றே சொல்ல வேண்டும்.

கந்தையா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து அறை. இதுவரை இரண்டு பேரும் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான் பேசியிருக்கிறார்கள். சார் குறுக்கே பேச மாட்டார் என்று தெரிந்ததும் மனுஷன் ஒரு மத்தியானம் வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு புது சைக்கிள் வாங்கினாராம். பச்சைக் கலர். ஹேண்டில்பாரில் ரெண்டு பக்கமும் குஞ்சம். பிரேக் பிடித்தால் மணி மாதிரிச் சத்தம் வருமாம். வாங்கின அன்றைக்கே சினிமா பார்க்கப் போனார். படம் விட்டு வெளியே வந்தால் ஸ்டாண்டில் சைக்கிள் இல்லை.

"வீடு வரைக்கும் நடந்தே வந்தேன் சார். எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? மொத நாளு. சைக்கிளுக்கு வெச்ச குங்குமம்கூடக் காயல."

ஆவுடையப்பனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இருந்ததோ ஒன்று. "நைஸ்" என்றார். அவருக்கே தெரியாமல் அது பெருமூச்சாக வெளியே வந்தது.

 கந்தையா துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஆமா சார். இன்னிக்கு வரைக்கும் யாருமே அதை இவ்வளவு வருத்தமாக் கேட்டதில்லை. எல்லாரும் 'பூட்டினியா'ன்னுதான் கேட்டாங்க" என்றார்.

'பூட்டினீரா' என்றுதான் ஆவுடையப்பனும் கேட்க நினைத்திருந்தார்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அடுத்த ஞாயிறு போனுக்கு என்ன செய்வது என்ற கவலை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மகள் 'நைஸ்' என்பாள். இவரும் 'நைஸ்' என்பார். அப்பன் நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து அந்த ஒரு போனையும் அவள் நிறுத்திவிட்டால்?  விரதத்தை விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை மரகதம்மா அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகவே இல்லை. வியாழக்கிழமையே மங்கை வந்துவிட்டாள்.

காலைப் பஸ்ஸிலிருந்து, தோளில் ஒரு பையோடு, தனியாக இறங்கினாள். காதோரம் நரை. அதை அவர் இப்போதுதான் பார்க்கிறார். ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

"சும்மாதாம்ப்பா வந்தேன். லீவு இருந்துச்சு. எப்படி இருக்கீங்க?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார். "நைஸ்."

மங்கை அப்படியே நின்றுவிட்டாள். "என்னப்பா சொன்னீங்க?"

"நைஸ்."

அவள் முகம் சுருங்கியது. அவர் பயந்த மாதிரியேதான் நடந்துவிடும் போலிருந்தது. நல்ல வேளை, செண்பகம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "தப்பா நினைக்காதம்மா, சாருக்கு விரதம். அம்மா குடுத்தது. அந்த ஒரு சொல்லுதான் சொல்லலாம். ஒண்ணுக்கு வந்தாலும் நைஸ், பசிச்சாலும் நைஸ்."

மங்கை அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார், திருட்டுப் பூனை மாதிரி. அவ்வளவுதான், அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு கீழேயே உட்கார்ந்துகொண்டு. "அய்யோ அப்பா! நீங்களா! அம்மா இருந்திருக்கணும்ப்பா இதைப் பாக்க!"

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிரமு இருந்திருந்தால் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்திருப்பாள். மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு கூடை சின்ன வெங்காயம் உரிக்கக் கிடந்தது. மங்கை யாரும் சொல்லாமலே போய் அதன் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான், வேலை கிடந்தால் சும்மா நிற்கத் தெரியாது. ஆவுடையப்பன் எதிரே உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

முதலில் விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தாள். "மாடி வீட்டுக்காரம்மா ஒரு நாய் வளர்க்கறாங்கப்பா. அதுக்கு ஸ்வெட்டர் போடறாங்க. கோயம்புத்தூர்ல. ஏப்ரல்ல."

"நைஸ்!"

"அதேதான் நானும் சொன்னேன். அதே மாதிரிதான் சொன்னேன். அவங்க சந்தோஷப்பட்டுட்டாங்க."

நாயிலிருந்து ஆபீசுக்குப் போனாள். ஆபீசிலிருந்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதைக்கு. அங்கிருந்து, எங்கிருந்தோ, அம்மா கடைசியாக வந்து அவளோடு தங்கின நாட்களுக்கு. கோர்வை எதுவும் இல்லை. ஒரு வாக்கியத்தில் பாதியை விட்டுவிட்டு இன்னொன்றில் ஏறினாள். இடையில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம், தலைகீழாக. ஆவுடையப்பன் அதைக் கவனிக்கவே இல்லை. அவர் காதில் விழுந்தது குரல் மட்டும்தான். மூச்சு வாங்காமல், மேலே ஏறி ஏறி வருகிற அந்தப் பழைய குரல். நடுவில் சுவர் இல்லை. அவருக்கு வெங்காயத்தை உரிக்கவே மறந்துபோயிற்று.

பிறகு உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"புது வீடு எப்படி இருக்குன்னு கேட்டீங்கல்லப்பா. அதுல நான் மட்டும்தான் இருக்கேன். அவர் இல்லை. நாங்க பிரிஞ்சு இருக்கோம். சித்திரையிலேர்ந்து."

ஆவுடையப்பன் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது.

"அவர் நல்லவர்தாம்ப்பா. நைஸ்தான். அதான் கஷ்டமே. ஆபீசுக்கு நைஸ், அவங்க அம்மாவுக்கு நைஸ், பால்காரருக்கு நைஸ். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினா அவருக்குள்ள எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் இருக்காது. கேட்டா அதுக்கும் நைஸா சிரிப்பார். சண்டைகூடக் கிடையாதுப்பா. அடிச்சாரு, குடிச்சாருன்னு இருந்தா உங்ககிட்ட ஒரே வரியில சொல்லியிருப்பேன். இதுக்கு என்ன சொல்லுன்னு எனக்குத் தெரியலை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனை எடுக்கறப்ப நினைப்பேன், இன்னிக்குச் சொல்லிடணும்னு. சரியான சொல்லு கிடைக்கலையே, கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு வெச்சிருவேன்."

கூடையைப் பார்த்தே பேசினாள். அழவில்லை.  'நைஸ்' என்ற சொல் ஆவுடையப்பனுக்கு வாய் வரைக்கும்கூட வரவில்லை. கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் வெங்காயத் தோலாக இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. "கை கழுவிட்டு வரேன்ப்பா, இருங்க" என்று எழுந்து கிணற்றுப் பக்கம் போனாள் மங்கை.

அவள் முதுகு மறைந்ததுதான் தாமதம், ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரகதம்மாவின் அறைக்கு ஓடினார். எழுபத்தொரு வயசுக்கு அது ஓட்டம்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். "நைஸ்!" என்றார். "நைஸ், நைஸ்!"

மரகதம்மா தலையணை உறைக்கு நாடா தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட மட்டும் பேசுங்க சார். என்னாச்சு?"

"விரதத்தை முடிச்சு வையுங்கம்மா. இப்பவே, இந்த நிமிஷம்."

"என்ன அவசரம்?"

"என் மக புருஷனைப் பிரிஞ்சு தனியா இருக்காம்மா. இத்தனை மாசமா எனக்குத் தெரியாது. ஏன் சொல்லலை தெரியுமா? அதுக்குச் சரியான சொல்லு கிடைக்கலையாம். அது கிடைக்காம மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கா, என் குழந்தை." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "எனக்கு அந்தச் சொல்லு தெரியும்மா. அவ சொல்லிக்கிட்டு இருக்கும்போதே எனக்கு வந்திருச்சு. அவ கஷ்டத்துக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு சொல்லு இருக்கு. அதைச் சொல்லிட்டன்னா அவளுக்கு எவ்வளவு நிம்மதியா இருக்கும்! மேற்கொண்டு என்ன செய்யணுங்கறதும் எனக்குத் தெரியுது. போய்ச் சொல்லிருதேன். அனுமதி குடுங்க."

"அவ கேட்டாளா?"

"என்னத்தை?"

"அந்தச் சொல்லை."

ஆவுடையப்பன் யோசித்தார். "கேக்கலை."

"மேற்கொண்டு என்ன செய்யன்னு?"

"அதையும் கேக்கலை. சொன்னா. அவபாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா."

"எங்க வெச்சு?"

"சமையல்கட்டுக்குப் பின்னால. வெங்காயம் உரிச்சுக்கிட்டு."

"சொல்லி முடிச்சிட்டாளா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். வெளியே கிணற்றில் உருளைச் சத்தம் நின்று போயிருந்தது.

"தெரியலையேம்மா" என்றார்.

மரகதம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கை கழுவப் போனவ இந்நேரம் திரும்பி வந்திருப்பா சார். நீங்க அங்க இருக்க வேண்டாமா?"